நடேசய்யரின் கணக்கு

தேர்தல் வந்துவிட்டால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ எந்த மேடையில் ஏறும் வேட்பாளரும் முதலில் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "நானும் லயத்தில் பிறந்தவன்தான்." கட்சி மாறும், சின்னம் மாறும், இந்த வாசகம் மட்டும் மாறாது. கீழே நிற்கும் நாமும் கை தட்டுகிறோம். தட்டுவதில் தவறில்லை. நமது பீலியில் தண்ணீர் பிடித்த ஒருவர், நமது பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் மேலே போகிறார் என்ற மகிழ்ச்சி அது. ஆனால் போனவர் அங்கே என்ன செய்தார் என்று ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் நமது தோட்டக் கமிட்டிகளில் எத்தனை பேர்? எந்த அமைச்சு கிடைத்தது, எந்த வாகனத்தில் வந்தார், எந்தக் கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். சபையில் எழுந்து என்ன கேட்டார் என்பது தெரியாது.

இந்த நினைப்போடுதான் கோ. நடேசய்யரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 1936 முதல் 1947 வரை ஹட்டன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினர் அவர். தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு தொழிற்சங்கத்தை முதன்முதலில் கட்டியவர். மே தின மேடைகளில் அவர் பெயரை நாம் சொல்கிறோம். பெயருக்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் அடுத்த தலைவரின் பெயருக்குப் போய்விடுகிறோம்.

அவர் லயத்தில் பிறந்தவர் அல்ல. 1887இல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். நமது பாட்டன் பூட்டன்களில் பெரும்பாலோரை எந்தத் தெருவுக்குள் நடக்கவே விட்டிருக்க மாட்டார்களோ, அந்தத் தெருவுப் பிள்ளை. வணிகமும் கணக்குப்பதிவும் கற்பித்தவர். தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். கணக்குப்பதிவு பற்றியும் காப்புறுதி பற்றியும் எண்ணெய் எஞ்சின் பற்றியும் கூடத் தமிழில் புத்தகம் எழுதியவர். இந்தப் பின்னணியை மட்டும் பார்த்தால் கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு கணக்காளராகவோ, இந்திய வணிகர்களின் பத்திரிகை ஆசிரியராகவோ வசதியாகக் காலம் தள்ளியிருக்க வேண்டிய மனிதர். உண்மையில் அவர் முதலில் இலங்கைக்கு வந்ததும் வணிகர் தொடர்பில்தான்.

அவர் தோட்டங்களைப் பார்க்க விரும்பினார். பார்க்க முடியாது. தோட்டம் துரையின் சொத்து, துரையின் அனுமதியில்லாமல் காலடி வைத்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றம். ஆகவே புடவை வியாபாரி வேடத்தில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயங்களுக்குள் போனார் என்பது அவரைப் பற்றி மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கதையைச் சொல்லி நாம் சிரிக்கிறோம், அதற்குள் இருக்கும் விஷயத்தை விட்டுவிடுகிறோம். புடவைக்காரன் லயத்துக்கு வந்தால் யார் வெளியே வருவார்கள்? பெண்கள். விலை பேசுவார்கள், கடன் சொல்லுவார்கள், சம்பளம் எப்போது, எவ்வளவு பிடித்தார்கள், அரிசிக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று சொல்லுவார்கள். ஒரு குடும்பத்தின் கணக்கு முழுவதும் புடவை மூட்டைக்கு முன்னால் பேசப்படும். கணக்குப்பதிவு கற்பித்த ஒருவருக்கு அதைவிட நல்ல வேடம் கிடைத்திருக்காது. கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதி வெளியிட்டார். இரகசியப் பொலிசாரின் பார்வை அவர் மேல் விழுந்ததற்கு அந்த எழுத்துகளே போதுமானவையாக இருந்தன.

1920ஐ ஒட்டிக் கொழும்பில் நிலைத்துவிட்ட அவர், 1921இல் 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியரானார். 1924இல் 'தேசபக்தன்' வந்தது. கொழும்புத் தொழிலாளர்களின் தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்கவோடு தோள் சேர்ந்து நின்றார். 1925இல் சட்ட நிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தெரிவானார். இந்த இடத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து வாக்குரிமை சொத்தும் வருமானமும் எழுத்தறிவும் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. இந்தியர் ஆசனத்துக்கு வாக்களித்தவர்கள் வியாபாரிகள், உத்தியோகத்தர்கள், வசதியுள்ள கங்காணிமார். கொழுந்து கிள்ளியவருக்கு வாக்கில்லை. அப்படியிருந்தும் சபைக்குள் போன நடேசய்யர் பேசியது வாக்களிக்க முடியாதவர்களைப் பற்றி. தமக்கு வாக்களித்தவர்களின் மனம் கோணுமே என்று அவர் பார்க்கவில்லை. இன்று நமக்கு எல்லோருக்கும் வாக்கு இருக்கிறது. நமது வாக்கில் போனவர்கள் நம்மைப் பற்றிப் பேசுவதற்கு நாம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அது நடேசய்யர் ஒருவரின் சாதனை என்று எழுதினால் பொய்யாகும். இந்திய அரசாங்கத்தின் அழுத்தம் அதில் பெரிய பங்கு. தொழிலாளரை அனுப்புகிற பக்கம் அது, நிபந்தனை போட்டது. சட்டப்படி உயர்நிலத் தோட்டங்களில் நாட் சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அந்த 11 சத வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆண் பெண் சம சம்பளம் தோட்டங்களுக்கு வந்தது 1984இல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. கொழுந்துக் கூடை பெண்ணின் முதுகில், கூடுதல் சம்பளம் ஆணின் கையில் என்ற நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டப்படியே நடந்தது. சட்டம் என்றால் நமக்கு நன்மைதான் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1920களின் இறுதியில் பொருளாதார நெருக்கடி தலைகாட்டியது. நகரத்து வேலையை இந்தியர் பறிக்கிறார்கள் என்ற பேச்சு கொழும்பில் எழுந்தது. குணசிங்கவும் அந்தப் பேச்சோடு போனார். நடேசய்யர் அவரை விட்டுப் பிரிந்து மலைக்கு வந்தார். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கப்பட்டது. தோட்டத்துக்குள் கூட்டம் போட அனுமதியில்லாத காலம். தொழிற்சங்கச் சட்டமே 1935இல்தான் வந்தது. சங்கத்தில் பெயர் கொடுத்தவருக்குப் பத்துச்சீட்டு எழுதித் தோட்டத்தை விட்டு இறக்கிவிடலாம், கேட்க ஆளில்லை. தேயிலை விலை விழுந்தபோது குறைந்தபட்சச் சம்பளமும் 1932இலும் 1933இலும் வெட்டப்பட்டது. அந்த வெட்டுக்கு எதிராக வெளியே நின்று கத்திய குரல் நடேசய்யருடையது.

அப்போது சபைக்குள் ஹட்டனுக்காக இருந்தவர் பெரி. சுந்தரம். அவரோ தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் வரை போய்ப் படித்தவர். 1931இல் முதலாவது அரசாங்க சபைக்குத் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானவர். மேடை வாசகத்தின்படி பார்த்தால் நமது ஆள் அவர்தான், தஞ்சாவூர் ஐயர் அல்ல. அவரது அமைச்சின் காலத்தில்தான் சம்பளம் வெட்டப்பட்டது. அதே காலத்தில்தான் 1934ஆம் வருடத்து வேலையாள் நட்டஈட்டுச் சட்டமும் 1935ஆம் வருடத்துத் தொழிற்சங்கச் சட்டமும் வந்தன. இன்றும் கை முறிந்த தொழிலாளிக்காக நாம் தூக்கிக்கொண்டு போகும் சட்டம் அந்த முதலாவது சட்டம். ஆகவே அவரைச் சிறியவராகக் காட்டுவது என் நோக்கமல்ல. பிறந்த இடத்தை வைத்து எவரையும் அளக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன். லயத்துப் பிள்ளை துரை பக்கம் சாய்ந்ததும் உண்டு, அக்கிரகாரத்துப் பிள்ளை லயத்துக்கு வந்ததும் உண்டு. இருவரில் ஒருவரைப் பாராட்ட மற்றவரை ஏச வேண்டியதில்லை.

1936இல் ஹட்டன் மக்கள் நடேசய்யரைத் தெரிவு செய்தார்கள். தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கம். சர்வசன வாக்குரிமை 1931இல் வந்திருந்தாலும் நமக்கு அது நேராக வந்துவிடவில்லை. ஐந்து வருட வசிப்பிடத்தைக் காட்ட வேண்டும், இங்கேயே நிலையாக இருக்கப் போகிறவர் என்று நிரூபிக்க வேண்டும். முதற் தேர்தலில் சுமார் ஒரு இலட்சம் இந்திய வாக்காளர்களே பதிவாகியிருந்தார்கள். 1939 ஆகும்போது அது இரண்டே கால் இலட்சத்தை எட்டியது. எண்ணிக்கை ஏற ஏற, சபையில் சிலருக்கு வயிறு கலங்கியது. பின்னால் 1948இல் நடந்ததற்கு விதை அங்கேதான் விழுந்தது.

நடேசய்யரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளுடையது. 'தேசபக்தன்' காலத்திலிருந்தே எழுதியவர். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடியவர். நமது மக்களின் இலங்கை வாழ்க்கையைப் பற்றித் தாமே பாட்டுக் கட்டி 1940இல் சிறு புத்தகமாக வெளியிட்டவர். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்குப் பத்திரிகை எட்டாத இடத்தில் பாட்டு எட்டியது. சங்கத்துச் சந்தாவில் பாதிக்கு மேல் பெண்களின் சம்பளத்திலிருந்து போகும் இந்த இயக்கத்தில், மீனாட்சி அம்மாளின் பெயர் கொண்ட ஒரு மாதர் சங்கக் கிளை கூட என் கண்ணில் பட்டதில்லை. மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானது 2024 நவம்பரில். மீனாட்சி அம்மாள் பாடிய காலத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்.

இனி, மேடையில் யாரும் சொல்லாத பகுதிக்கு வருவோம். நடேசய்யர் வென்றதைவிடத் தோற்றது அதிகம். அவர் சபையில் இருக்கும்போதே 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்கு மறுக்கப்பட்டது. ஐம்பது தெரிவு உறுப்பினர்கள் உள்ள சபையில் ஓரிருவரால் அதைத் தடுக்க முடியவில்லை. 1939 ஜூலையில் நேரு வந்துபோனார், இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது, அடுத்த வருடமே அதன் தொழிற்சங்கம் தோட்டங்களில் இறங்கியது. நடேசய்யர் அதற்கு வெளியே நின்றார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியானபோது தோட்டங்களை உலுக்கிய அந்தப் போராட்ட அலைக்குத் தலைமை வேறு கைகளில் இருந்தது. 1940களில் காங்கிரஸ் சங்கம் வளர வளர அவருடைய சம்மேளனம் தேய்ந்தது. 1947 பொதுத் தேர்தலில் நின்று தோற்றார். அதே தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதே வருடம் நவம்பர் 7ஆம் திகதி நடேசய்யர் காலமானார். அப்போது அவருக்கு அறுபது வயது.

ஏன் தேய்ந்தது? என் அபிப்பிராயம் இது. சம்மேளனம் என்றால் நடேசய்யர், நடேசய்யர் என்றால் சம்மேளனம் என்று இருந்தது. பத்திரிகை அவர், பேச்சு அவர், சபை அவர். அவர் கொழும்பில் இருக்கும் நாளில் தோட்டத்தில் யார் பெயரெடுப்பது, யார் கூட்டம் கூட்டுவது, அவருக்குப் பிறகு யார் என்பதற்கு விடை இருக்கவில்லை. மற்றத் தலைவர்களோடு நீண்ட காலம் ஒத்துப்போகவும் அவரால் முடியவில்லை. குணசிங்கவுடனான பிரிவுக்குக் கொள்கைக் காரணம் இருந்தது, அதில் அவர் பக்கமே நியாயம். காங்கிரஸுக்கு வெளியே தனித்து நின்றதற்கு அந்த அளவு நியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்று மலையகத்தில் சங்கங்களை எண்ணிச் சொல்லக் கை விரல் போதாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படித்தான் ஒரு தனி மனிதர் நிற்கிறார். அவருடைய துணிச்சல் நமக்கு வரவில்லை, அந்தப் பழக்கம் மட்டும் சொத்தாக வந்து சேர்ந்துவிட்டது.

அவர் இறந்து ஒரு வருடத்துக்குள் 1948ஆம் வருடத்துப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. ஏழு பேர் சபைக்குள் இருந்தார்கள், எதிர்த்து வாக்களித்தார்கள், தோற்றார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. அதன் பின் நமது மக்களின் வாக்கால் ஒருவர் பாராளுமன்றத்துக்குப் போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் போனவர்கள் நியமன உறுப்பினர்கள், வேறொருவர் தயவில் போனவர்கள். ஒரு பிரதிநிதி கூடத் தெரிவாக முடியாத கால் நூற்றாண்டு எப்படி இருந்தது என்பதை அனுபவித்தவர்கள் இன்னும் நமது தோட்டங்களில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். அதனால்தான், "யார் போனாலும் ஒன்றுதான், வாக்குப் போட்டு என்ன பிரயோசனம்" என்று இளைஞர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்களுடைய சலிப்பு நியாயமானது. முடிவு தவறு.

சலிப்புக்குக் காரணம் என்ன? மேலே போனவரிடமிருந்து கீழே கணக்கு வருவதில்லை. 2021இல் நாட் சம்பளம் 1,000 ரூபா என்று சம்பள நிர்ணயச் சபை வழியாக வர்த்தமானி வந்தது. வெடி கொளுத்தினோம். பிறகு பல தோட்டங்களில் கொழுந்தின் கிலோ கூட்டப்பட்டது. கிலோ குறைந்தால் அரைப்பேர். 2024இல் அது 1,350 ரூபா ஆனது, மேலே ஊக்குவிப்புத் தொகை என்றார்கள். ரூபாவைப் பற்றிப் பாராளுமன்றத்தில் எல்லோரும் பேசினார்கள். ஒரு பேருக்கு எத்தனை கிலோ, மழையில் கொழுந்தில்லாத மாதத்தில் எத்தனை நாள் வேலை, அரசுக்குச் சொந்தமான தோட்டங்களில் நிலுவையிலிருக்கும் சேமலாப நிதி எப்போது என்பதை அங்கே எழுந்து எண்ணோடு கேட்டவர்கள் யார்? கேட்டிருக்கலாம். கேட்டவர் இருந்தால் அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கேட்டாரா இல்லையா என்பது கூட நமக்குத் தெரியவில்லை. நடேசய்யரின் காலத்தில் ரயில் ஏறி வரும் பத்திரிகைதான் செய்தி. இன்று ஹன்சாட் கைத்தொலைபேசியில் கிடைக்கிறது, பாராளுமன்ற உறுப்பினரின் திருவிழாப் படமும் அதே கைத்தொலைபேசியில் கிடைக்கிறது. நாம் பார்ப்பது எதை?

பிரதேச சபை விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிராமச் சபையில் மூடிய கதவு அதுதான். 1987ஆம் வருடத்துப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. நாம் வாக்களித்தோம், நம்மவர்கள் உறுப்பினரானார்கள், லயத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் கொட்ட வழியில்லை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் வந்தன. எண்பது வருடம் இழுத்த ஒரு கணக்கு காகிதத்தில் தீர்ந்தது. தரையில் தீர்ந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பாதையில் நடந்து பார்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே நமது சங்கத்தின் மாவட்டக் கமிட்டிக்கு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். மாதாந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று கேள்விகளை எழுதட்டும். நீட்டி முழக்க வேண்டாம். "எங்கள் தோட்டத்தில் பேருக்கு இத்தனை கிலோ, போன மாதம் இத்தனை நாள் வேலை, இத்தனை பேருக்கு அரைப்பேர் விழுந்தது" என்று எண்ணோடு எழுதட்டும். எண்ணை எடுக்க வேண்டியது தலைவர் மட்டுமல்ல. மட்டம் நிறுக்கும்போது தராசுக்கு முன்னால் நிற்கும் பெண்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும், மாதர் சங்கத் தலைவியின் கையெழுத்தும் கடிதத்தில் இருக்கட்டும். நுவரெலியா மாவட்டத்தின் எல்லாக் கட்சித் தமிழ் உறுப்பினர்களுக்கும், விரும்பினால் சிங்கள உறுப்பினர்களுக்கும், ஒரே கடிதம் போகட்டும். சங்கத்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பிரிக்க வேண்டாம். வாய்மூல விடைக்கான கேள்வியாக அதைச் சபையில் எழுப்பும்படி கேட்போம்.

"அரசியல்வாதியோடு மோதினால் வீட்டுத் திட்டத்தில் நமது தோட்டத்தின் பெயர் வெட்டுப்படும்" என்று ஒரு தோட்டத் தலைவர் என்னிடம் சொன்னார். அவர் பயம் பொய்யல்ல, அப்படி நடந்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காகத்தான் கடிதம் ஒரு தோட்டத்திலிருந்து போகக் கூடாது, எல்லாத் தோட்டங்களிலிருந்தும் ஒரே வாரத்தில் போக வேண்டும் என்கிறேன். ஒரு பெயரை வெட்டலாம். அறுபது பெயரை வெட்டினால் பட்டியலே மிஞ்சாது.

கடிதம் போன திகதியையும், யார் யாருக்குப் போனது என்பதையும் இந்தப் பத்திரிகையில் அச்சிடும்படி ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் சபையில் எழுந்த கேள்வியும் அமைச்சர் தந்த பதிலும் அப்படியே இதே பக்கத்தில் வரும். கேள்வி எழாவிட்டால், உறுப்பினரின் பெயருக்கு எதிரே அந்த இடம் வெறுமையாக வரும்.